பூ மூட்டை ஏற்றிய ஆம்னியில் படுக்கை போட்ட கதை

போடிமெட்டு மலையில் ராத்திரி பூராவும் அடித்த மழையிலும் என் மாருதி ஆம்னி வேனின் தரை காய்ந்தே கிடந்தது. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். பழைய ஆம்னியை ஓட வைப்பது பெரிய காரியமில்லை, மதுரையில் எந்தப் பட்டறையிலும் செய்துகொடுத்துவிடுவார்கள். அதில் படுத்துத் தூங்க வேண்டுமானால் கதை வேறு. தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் மெத்தை, விளக்கு, திரைச்சீலை எல்லாமே வீண் செலவு. நான் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. அந்தக் கணக்கில் இதைப் படியுங்கள்.

கேம்பர் வேன், அதாவது படுத்துத் தூங்கிப் பயணம் போகிற வேன் என்றதும் முதலில் டெம்போ டிராவலர்தான் மனசில் இருந்தது. உள்ளே நடமாட இடம் இருக்கும், குடும்பமே படுக்கலாம். ஆனால் விலைக்கு வருகிற டிராவலர் முக்கால்வாசி மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டுக்கு மாற்றுவது தனி வேலை, டீசல் எஞ்சினில் கை வைத்தால் செலவு தாங்காது, எங்கள் தெருவுக்குள் திருப்பவும் முடியாது. கப்பலூர் பக்கம் ஒரு பழைய மாட்டடார் வேன் கிடந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, உதிரி பாகத்துக்கு யார் அலைவது?

கடைசியில் ஆம்னி. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பேர் மாறி, 2019 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தலை தெரியும். நீளம் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர், அவ்வளவுதான். டேப் பிடித்துப் பார்த்ததில் முன் சீட்டின் முதுகிலிருந்து பின் கதவு வரை ஐந்தே முக்கால் அடிக்குக் கிட்டே வந்தது. நான் ஐந்தடி ஏழங்குலம். மூலைக்கு மூலை படுத்தால் கால் நீட்டலாம். ரெண்டு பேர் என்றால் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி பார்க்கப் போகும்போது பையில் ஒரு டார்ச், பெரிய திருப்புளி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், கை துடைக்கப் பனியன் துணி. காந்தம் ரொம்ப உபயோகம். ஒத்தக்கடையில் பார்த்த வண்டி புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. காந்தத்தை வைத்தால் கதவின் கீழ்ப்பக்கம் ஒட்டவே இல்லை, அவ்வளவும் பட்டிப் பூச்சு. இன்னொன்றில் ஆர்சி புக்கில் பெட்ரோலும் எல்பிஜியும் என்று இருந்தது, வண்டியில் கேஸ் டேங்கைக் காணோம். ஆர்சியில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பின்னால் நாம்தான் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடக்க வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் இந்த வண்டி. 2009 மாடல், டிஎன் 59, வெள்ளை, ஐந்து சீட், பின் சீட்டின் முதுகு மடங்கும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. நான் எதையும் கேட்பதற்கு முன்னாலேயே ஓனர் சொல்லிவிட்டார்: "எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. அடித் தகடத்தான் பூத் தண்ணி தின்னுருச்சு." விற்கிறவர் வாயிலிருந்து இப்படி வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் பூ மூட்டை வரும், வாடாமல் இருக்கச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தபடி இருப்பார்கள். அந்தச் சாக்குகள் இத்தனை வருஷமும் ரப்பர் மேட்டின் மேல் வடிந்திருக்கின்றன.

காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்னால் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். சூடான எஞ்சின் எதுவும் நல்லபடியாக ஸ்டார்ட் ஆகும், ஆறிய எஞ்சினில்தான் குறை தெரியும். ஒரே சாவியில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாக எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அப்படி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சைலன்சரில் நீலப் புகை இல்லை. சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பைனான்ஸ் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் பைனான்ஸ் பேரை இன்னும் நீக்கவில்லை. அதற்கு பாரம் 35-ம் பைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் வேண்டும், அதை அவரே வாங்கித் தர ஒத்துக்கொண்டார். 95,000 சொன்னார், 78,000-க்கு முடிந்தது. பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்காமல் நின்ற வண்டி என்பதால் இவ்வளவு இறங்கினார்.

பேர் மாற்றத்துக்கு பாரம் 29, 30. பதிவைப் புதுப்பிக்க பாரம் 25. கார் வகைக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பேப்பர் செலவு மட்டும் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. பழைய வண்டி விலை பேசும்போது இதையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

திருநகரில் ஒரு மெக்கானிக் அண்ணன். சாயங்காலம் பட்டறையின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். கழற்றுகிற வேலையை நான் செய்துகொள்ளலாம், மாட்டுகிற வேலையை அவர் ஒருமுறை பார்த்து இறுக்கித் தருவார் என்று ஒப்பந்தம். 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர், ஒரு டி ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் வாங்கிக்கொண்டேன். பின் சீட்டின் போல்ட்டுகள் துருவில் ஊறி இறுகியிருந்தன. நான் பலத்தைக் காட்டியதில் ஒன்றின் தலை மழுங்கியது. அண்ணன் வந்து பார்த்தார். "இறுக்கிப் பிடிச்சா அது உங்களவிட இறுக்கிப் பிடிக்கும். டீசல ஊத்திட்டு வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வாங்க." மறுநாள் சுத்தியலால் தலையில் ரெண்டு தட்டு தட்டி, முதலில் இறுக்குகிற பக்கமே ஒரு நூல் திருகி, அப்புறம் கழற்றினார். வந்துவிட்டது.

சீட்டு வெளியே வந்த பிறகு ரப்பர் மேட்டை உரித்தேன். அடியில் இருந்த சணல் பாய் கருத்துக் களியாகியிருந்தது. அதோடு சேர்ந்து காம்பும் இதழுமாகக் காய்ந்த மல்லிகை, டீத்தூள் நிறத்தில், விரல் கனத்துக்குத் தகட்டில் ஒட்டிக் கிடந்தது. வாசம் எதுவும் இல்லை, புளித்த நாற்றம்தான். பெயிண்ட் சுரண்டுகிற பட்டையால் சுரண்டச் சுரண்டத் தகடும் சேர்ந்து வந்தது. திருப்புளியால் குத்திப் பார்த்ததில் இடது பின் சக்கர வளைவின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, வலதுபுறம் அதைவிடச் சின்னது, ஸ்லைடிங் டோர் படியில் நீளமாக ஒன்று. சேஸிஸ் கட்டை மட்டும் தட்டிப் பார்த்தால் கணீரென்றது. அது பொத்தென்றிருந்தால் வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மூட்டை அடுக்குவது நடுவில், நடுத் தகடு துரு ஏறியிருந்தாலும் கெட்டியாக இருக்கிறது. ஓட்டை விழுந்தது ஓரத்தில், அதிலும் இடது பக்கம் அதிகம். பூத் தண்ணீர் மட்டும் காரணமென்றால் இப்படி ஓரமாகப் போய் ஏன் தின்ன வேண்டும்? டிங்கரிங் ஆள் அதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை, தகடு வெட்டி ஒட்டிவிடுகிறேன் என்றார். ஒட்டுவதற்கு முன்னால் மழைத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று நிறுத்திவைத்தேன். இந்த மொத்த வேலையில் உருப்படியாக நான் யோசித்தது அது ஒன்றுதான்.

முதல் சந்தேகம் கூரை ஓரத்து மடிப்பின் மேல். மேலே கேரியர் மாட்டி இறுக்கிய இடங்களில் பெயிண்ட் போய்த் துரு தெரிந்தது. கண்ணாடி ஒட்டுகிற சிலிகான் ஒரு டியூப் வாங்கி மடிப்பு முழுக்க இழுத்துவிட்டேன். மறுநாள் ஹோஸ் பிடித்தால் அதே இடத்தில் அதே ஈரம். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. பூசும்போது காடி வாசம் அடிக்கிறதே, அந்த வகைச் சிலிகான் காயும்போது அமிலத்தை விடும். பெயிண்ட் இல்லாத தகட்டில் பட்டால் துருவுக்குத்தான் கொண்டாட்டம், அதன் மேல் பெயிண்டும் பிடிக்காது. பிளேடு வைத்து அத்தனையையும் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வண்டித் தகட்டுக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். டியூப் 350 ரூபாய்க்குக் கிடைத்தது.

அடுத்து வழி காட்டியது கோலமாவு. உள்பக்க அட்டைகளைக் கழற்றிவிட்டு, கூரை விளிம்பு, கண்ணாடி ரப்பர், பின் கதவின் சட்டம், கூரையைத் தாங்குகிற பில்லர்களின் ஓரம் எல்லா இடத்திலும் உலர்ந்த கோலமாவைத் தூவினேன். என் மனைவி வெளியே ஹோஸ் பிடித்தாள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம். எடுத்தவுடன் கூரையில் தண்ணீர் விட்டால் எல்லா இடமும் நனையும், எதுவும் தெரியாது. நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி, ஒன்றுமில்லை. பின் விளக்கு, ஒன்றுமில்லை. பின் கதவின் உச்சிக்குத் தண்ணீர் போனதும் இடது கீல் போல்ட்டின் பக்கத்தில் மாவு நனைந்து சாம்பல் நிறமானது. அங்கிருந்து ஒரு நூல் கோடு கீழே இறங்கி, பின் பில்லருக்குள் நுழைந்து காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் சக்கர வளைவின் ஓரத்தில், சரியாக அந்த ஓட்டைக்கு மேலே, தண்ணீர் கசிந்தது.

ஆம்னியின் பின் கதவு மேல்நோக்கித் திறப்பது. முழுக் கதவின் கனமும் உச்சியில் இருக்கிற ரெண்டு கீலில் தொங்குகிறது. வருஷக்கணக்கில் அறைந்து சாத்தியதில் கீலுக்கும் கூரைக்கும் நடுவே இருந்த பூச்சு விட்டுப்போய், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் நேரே பில்லருக்குள் போயிருக்கிறது. பில்லர் உள்ளே வெற்றிடம். அடியில் வடிகிற துளை இருக்கும். அந்தத் துளையில் சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குடைந்தால் மண்ணும் மல்லிகைக் காம்பும் திரி திரியாக வந்தது. அடைபட்ட தண்ணீர் வேறு வழியில்லாமல் தகட்டின் மடிப்பில் தேங்கியிருக்கிறது. ஸ்லைடிங் டோர் படியிலும் இதே அடைப்புதான்.

கதவை ஒருவர் தூக்கிப் பிடித்திருக்க, ஒரு கீலை மட்டும் தளர்த்தி, அடியைச் சுத்தம் செய்து, துரு எடுத்து, பிரைமர் அடித்து, சீலண்ட் வைத்து இறுக்கினோம். அது முடிந்த பிறகுதான் அடுத்த கீல். ரெண்டையும் ஒன்றாகக் கழற்றினால் கதவைத் திரும்ப இடம் சேர்ப்பது பெரும்பாடு என்று அண்ணன் முன்னமே சொல்லியிருந்தார். செலவு சீலண்டும் ரப்பர் வாஷரும்தான். ஐநூறு ரூபாய் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் டிங்கரிங். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் கருவியைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்த பிறகே முதல் பொறி பறந்தது. டிங்கரிங் ஆள் "ஈரச் சாக்கப் போட்டுப் பத்த வச்சிரலாம்" என்று பார்த்தார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஜிஐ தகடு எடுத்துவந்திருந்தார், துரு பிடிக்காதாம். அதன் துத்தநாகப் பூச்சில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும். அதனால் 20 கேஜ் சாதாத் தகடு. துருத் தகட்டை நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும் வெட்டிவிட்டு ஒட்டினார். மேலேயே ஒட்டுப் போட்டால் கூலி பாதிதான், ஆனால் ரெண்டு தகட்டுக்கும் நடுவில் மறுபடி தண்ணீர் உட்காரும். கூலியும் தகடும் 11,500.

மீதித் தரையை நானே பார்த்தேன். நாலு அங்குல கிரைண்டரில் கம்பிப் பிரஷ், கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். பிரஷ்ஷிலிருந்து கம்பி ஊசி மாதிரி தெறிக்கும். தேய்த்தும் போகாத குழித் துருவுக்கு, துருவையே பூச்சாக மாற்றுகிற ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்தேன், பழுப்பாக இருந்த இடம் காயக் காயக் கருநீலமாக மாறியது. ஒரு ராத்திரி விட்டு எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், தகட்டு இணைப்புகளில் சீலண்ட், அடியில் கருப்பு அண்டர்கோட்டிங். வடிகால் துளைகளில் தீக்குச்சி சொருகிவிட்டுத்தான் அடித்தேன், இல்லாவிட்டால் பூச்சே துளையை அடைத்துவிடும். சாமான் செலவு 4,300. இந்த வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் செய்ததால் பிரைமர் சீக்கிரம் காய்ந்தது, நானும் கூடவே காய்ந்தேன்.

எஞ்சின் சூடு அடுத்த தலைவலி. டவுனுக்குள் கீழவாசல் நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறும், ரிங் ரோட்டில் ஓடினால் அடிக்கே இறங்கிவிடும். முதலில் காட்டிய ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அண்ணன் வேறு மாதிரி யோசித்தார். ஓடும்போது குளிர்கிறதென்றால் ரேடியேட்டர் வேலை செய்கிறது. நிற்கும்போது காற்று இழுக்க வேண்டியது விசிறி. விசிறி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தார், சுற்றியது. சூடு பார்த்து அதற்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்தான் செத்திருந்தது. சரி, ஓடும்போது அளவுக்கு மீறிக் குளிர்வது ஏன் என்று மூடியைத் திறந்தால், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. யாரோ எப்போதோ "கழட்டிட்டா சூடே ஆகாது" என்று எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இது ஒரு வைத்தியம். இது கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிற எம்பிஎஃப்ஐ எஞ்சின், குளிர்ச்சியாகவே ஓடினால் பெட்ரோலை அதிகம் விட்டுக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட்டும் சுவிட்சும் புதுசாக மாட்டி, ரெண்டு ஹோஸ் மாற்றி, கழுவி, கூலண்ட் ஊற்றியதில் 3,900. மைலேஜும் லிட்டருக்கு 11-லிருந்து 14-க்கு வந்தது.

சீட்டுக்கு அடியிலிருந்து வரும் அனலுக்கு ஏசி குழாய்களில் சுற்றுகிறார்களே, அலுமினியத் தாள் ஒட்டிய கருப்பு ரப்பர் ஷீட், அதை எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். சைலன்சர் குழாயைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும். திருமங்கலம் போய்த் திரும்பியதும் வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்ததில் சீட்டின் அடித்தகடு 58 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது 46-க்கு இறங்கியது. உட்காருகிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பின் சக்கர சிலிண்டர் ரெண்டும் கசிந்தன, மாற்றினோம், ஆயிலும் புதுசு, 2,600. டயர் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க நம்பரில் கடைசி ரெண்டு வருஷம், முதல் ரெண்டு வாரம். 2214 என்றிருந்தது. 2014-ல் செய்த டயரோடு மலை ஏற மனசு வரவில்லை. 145 ஆர் 12, நாலும் 11,600.

எஃப்சி எடுத்து வந்த பிறகுதான் படுக்கை. ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, சீட் எண்ணிக்கையும் ஆர்சியில் உண்டு. அதனால் துரு வேலைக்குக் கழற்றிய சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன், தகட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. பின் சீட்டின் முதுகை முன்னால் மடக்கினால் அதுவே பாதி மேடை. அதன் உயரத்துக்குச் சரியாக, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஒரு அங்குலச் சதுரக் குழாயில் நாலு கால் சட்டம். கால்களின் அடியில் ரப்பர் குப்பி. மேலே 12 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் மூன்று பலகை வந்தது. தண்ணீர் தாங்கும் ரகம், ஓரமெல்லாம் வார்னிஷ். எட்டு அடி ஷீட்டை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவராமல் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடுங்கள், ஒரு அறுப்புக்கு இருபது ரூபாய்தான் கேட்டார்கள். முன் சீட்டோடு உராய்கிற பக்கம் அரை அங்குலம் குறைத்து அறுக்க வேண்டும். நான் கச்சிதமாக அறுத்துவிட்டேன், சீட்டைச் சாய்க்க முடியவில்லை, இழைப்புளி வைத்துத் தள்ளினேன்.

மெத்தை போடி இலவம்பஞ்சு, மூன்று அங்குலம். ஃபோம்தான் லேசு, மடக்கவும் வசதி. ஆனால் நம் வெயிலில் வண்டிக்குள் ஃபோமில் படுத்தால் முதுகு வேர்த்துக் கொட்டும். பஞ்சு மெத்தையைத் திரும்பி வந்ததும் மொட்டை மாடியில் காயப்போட்டே ஆக வேண்டும், அந்த வேலைக்குச் சோம்பல் என்றால் ஃபோமே வாங்குங்கள். பலகை, சட்டம், மெத்தை சேர்த்து 8,500.

கரண்டுக்குக் கூரையில் சோலார் தகடு மாட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கூரையில் இனிமேல் ஒரு ஸ்க்ரூகூட இறங்காது. கணக்குப் போட்டால் தேவையும் இல்லை: 15 வாட் டிசி ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 10 ஆம்பியர் மணி, விளக்கும் போனும் சேர்த்து இன்னொரு நாலு. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 42 ஆம்பியர் மணி போதும். படுக்கிற இடத்தில் வைப்பதால் ஆசிட் ஊற்றுகிற ரகம் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வாயு விடும். யுபிஎஸ்ஸில் வரும் மூடிய பேட்டரி வாங்கினேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் ரெண்டு பேட்டரியையும் சேர்க்கிற ரிலே ஒன்று, 6 சதுர மி.மீ. ஒயர், ஒவ்வொரு பேட்டரியின் பக்கத்திலும் 30 ஆம்பியர் ஃபியூஸ். டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஃபேன், விளக்கு எல்லாம் சேர்ந்து 9,200. ராத்திரி பூராவும் ஃபேன் ஓடி, காலையில் மீட்டர் 12.3 வோல்ட் காட்டியது.

அடுப்பு வண்டிக்குள் கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். ஐந்து கிலோ சிலிண்டரைப் பின் கதவுக்கு வெளியே இறக்கி, தூக்கிய கதவையே பந்தலாக வைத்துக்கொண்டுதான் சமையல்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி என்று போனோம். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. நாலு கியர் வண்டி, முப்பத்தைந்து குதிரைத்திறன் அளவுதான் எஞ்சின். ரெண்டாவது கியரில் மெதுவாகத்தான் ஏறியது, சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. இறங்கும்போதும் அதே ரெண்டாவது கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது.

பேப்பர் செலவும் வண்டி விலையும் போக ரிப்பேருக்கும் படுக்கைக்கும் 51,600 ஆகியிருக்கிறது. இதில் கருவிகளும் சீலண்ட் மாதிரிச் சில்லறைச் செலவும் சேரவில்லை. இன்னொரு வண்டியில் செய்வதாக இருந்தால் விலை பேசுவதற்கு முன்னாலேயே பின் கதவைத் திறந்து கீலின் அடியில் விரல் விட்டுப் பார்ப்பேன், வடிகால் துளையில் ஸ்போக் விட்டுப் பார்ப்பேன். உள்பக்க அட்டைகளுக்குப் பின்னால் எதையும் திணிக்க மாட்டேன். வெயிலுக்காகப் பக்கத் தகட்டில் நான் ஒட்டிய தெர்மோகோல் துண்டுகள் ஓடும்போது கிரீச் கிரீச்சென்று உயிரை எடுக்கின்றன, அத்தனையையும் பிய்க்க வேண்டும். இடது ஸ்லைடிங் டோரின் கீழ் ரோலர் தேய்ந்து கதவு பாதியில் தொங்குகிறது. சிம்மக்கல் கடையில் ஜோடி 450 சொன்னார்கள், அடுத்த வாரம் மாட்ட வேண்டும்.